இருபதுக்கு எத்தனை

ட்ரியரில் இருந்து உடுப்புகளுக்குள் சுற்றி
இரண்டு போத்தல் கொண்டுவந்தேன்.
ஒன்றுக்கு வயது இரண்டு,
மற்றதற்கு இருபத்தெட்டு.
இரண்டும் றீஸ்லிங். மோசல் ஆற்றின் ஒரே சரிவு.
பன்னிரண்டு வருடம் முதலாளிக்குக் கிளாஸ் கழுவினேன்;
அதன்பிறகுதான் எனக்கொரு மூக்கு இருப்பதை
அவர் கண்டார்.

மல்லாவியில் பத்துப் பாகையில் எதுவும் கிடையாது.
தவபாலனின் கராச்சுக்குப் பின்னால்
வாளியில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினோம்.
பொழுதுபடும் மட்டும் கிடந்தன
தவளைகளுக்குப் பக்கத்தில்.

இளையதற்குத் திருகுமூடி.
"இவன்தான் மூளைசாலி" என்றான் தவபாலன்.
கிழத்தின் தக்கை பாதியில் முறிந்தது.
மிச்சத்தை முறுக்காணி ஏற்றிக் குறட்டால் இழுத்தான்,
பல்லுப் பிடுங்குகிறவனின் முகத்தோடு.

தேத்தண்ணிக் கிளாஸ் மூன்று.
கபிலாஷுக்கு சில்வர் பேணி.
துப்புவதற்குப் பெயின்ற் வாளி வைத்தேன்;
"காசு குடுத்து வாங்கினதைத் துப்புறதோ?"
என்று அதைக் காலால் தள்ளிவிட்டார்கள்.

முதலில் நிறம், என்றேன்.
பில் புத்தகத்தின் பின்பக்கத்தை விரித்து
அதன்மேல் கிளாஸைச் சரித்தோம்.
இளையது தண்ணீரில் ஒரு துளி வாழைச்சாறு.
"குடிக்காமல் என்ன படமே பாக்கிறியள்?"
கபிலாஷ் பாதியை விழுங்கியிருந்தான்.

பச்சை ஆப்பிள் என்று அங்கே எழுதுவோம்.
இங்கே ஆப்பிள் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்
பையில் கொண்டுபோவது, அதுவும் சிவப்பு.
சுகிர்தமலர் கண்ணை மூடி மணந்தாள்.
"நனைஞ்ச சிலேட்" என்றாள்,
"எச்சில் தொட்டு அழிச்ச உடன வாற மணம்."
அந்தச் சரிவு முழுக்கச் சிலேட்டுக் கல்லென்று
நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.
எனக்கு அது பிடிபட நாலு வருடம் எடுத்தது.

கிழத்தை ஊற்றினேன். பழைய பித்தளை நிறம்.
ஒரு எச்சரிக்கை சொல்ல வாயெடுத்தேன்.
முதிர்ந்த றீஸ்லிங்கில் ஒரு வாசம் வரும்,
பழுதென்று திருப்பி அனுப்புவார்கள் சிலர்,
மூன்று மடங்கு விலை கொடுப்பார்கள் சிலர்.
அதற்குள் தவபாலன் முகர்ந்துவிட்டான்.

"மண்ணெண்ணெய்."

சிரிக்கவில்லை. காபரேற்றரை மணப்பதுபோல்
இன்னொருமுறை மணந்தான்.
"எம்.டி. தொண்ணூறு.
நாலு சொட்டுப் பெற்றோல் பருக்கி ஸ்ராட் எடுத்து
மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெயில ஓடுறது.
இது அதின்ர புகை இல்லை.
டாங்கைத் திறந்து மூக்கை விட்டால் வாறது."

எந்த வருஷத்துப் போத்தல், என்று கேட்டாள் அவள்.
தொண்ணூற்றாறு.
"அக்கராயனில மருதுக்குக் கீழ இருந்த வருஷம்."
"மருதில்லை, பாலை."
"மருது. பட்டை எனக்குத் தெரியாதே?"
கொஞ்ச நேரம் மரத்தைப் பற்றியே வாக்குவாதம்.
போத்தல் வியர்த்துக்கொண்டிருந்தது.

கபிலாஷ் ஒரு மிடறு குடித்து "பழுதாப் போச்சு" என்றான்.
இளையதை மறுபடி நிரப்பிக்கொண்டான்.
அவனோடு வாதாட என்னிடம் ஒன்றுமில்லை.

நான் என் வேலையைச் செய்தேன்.
தேன், காய்ந்த பழத்தோல், இன்னும் கூனாத புளிப்பு.
விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது,
எண்ணுங்கோ என்றேன்.
பதினான்கில் ஒரு உழவு இயந்திரம் போனது;
எண்ணிக்கை குழம்பிற்று.

இருபதுக்கு எத்தனை?
நான் பதினெட்டு.
"பன்ரெண்டு" என்றான் தவபாலன்,
"இஞ்சின் ஓடும், இழுவை காணாது."
சுகிர்தமலர் குடிக்கவேயில்லை.
கிளாஸை மூக்கடியில் பிடித்தபடி சொன்னாள்:
"ஜாம் போத்தல் விளக்கில ஓ.எல். படிச்சனான்.
விடிய மூக்கைச் சிந்தினால் கறுப்பு."
பில் புத்தகத்தில், யாருடையதோ
பிரேக் கணக்குக்குப் பின்பக்கம்,
பதினேழு என்று எழுதினாள்.
"கரி இல்லை. மூண்டு குறைச்சிட்டன்."

மிஞ்சியதைப் பழந்துணி திருகி அடைத்தான் தவபாலன்.
திரி போட்டு வைத்ததுபோல் நின்றது மேசையில்.
கபிலாஷ் பகிடிக்கு லைற்றரைத் தட்டினான்.
அவள் போத்தலைத்
தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.